பஞ்சு போல அமுங்கும் பிரேக்

மூணாறு, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வேலை செய்கின்றன. ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைப் பாதையில் ஏற்றமும் இறக்கமும் அதிகம். வளைவுகளும் அதிகம்.

எங்கள் படிப்பு வகுப்புக்கு ஓர் அண்ணன் வருகிறார். தோட்டத்தில் வேலை பார்க்கிறார். அவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்.

ஒரு நாள் அவர் மனைவியோடு அடிமாலிக்குப் புறப்பட்டார். இறக்கத்தில் ஒரு வளைவு. எதிரே பேருந்து வந்தது. முன் பிரேக்கைப் பிடித்தார். லிவர் பஞ்சு போல அமுங்கியது. கைப்பிடியையே தொட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை!

பின் பிரேக்கை மிதித்தார். கியரைக் குறைத்தார். வண்டி ஓரத்து மண்மேட்டில் முட்டி நின்றது. இருவரும் உயிர் தப்பினார்கள்.

அதன்பிறகு அவர் வண்டியை ஓட்டவில்லை. பிக்கப் வண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டு போனார்.

"தம்பி, இன்றைக்குத்தான் இப்படி ஆனதா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"இல்லை அண்ணே. ஒரு மாதமாகவே லிவர் அமுங்கியது. இரண்டு மூன்று முறை அடித்துப் பிடித்தால் வண்டி நிற்கும். அப்படியே ஓட்டினேன்."

"அதுதான் தவறு. அடித்துப் பிடித்தால்தான் நிற்கிறது என்றால் பிரேக் கெட்டுவிட்டது என்று பொருள்."

மெக்கானிக் கைப்பிடி அருகில் இருந்த சின்ன டப்பாவைக் காட்டினார். அதில் கண்ணாடி போல ஒரு வட்டம். அதன் பக்கத்தில் ஒரு கோடு. கோட்டை ஒட்டிச் சில எழுத்துகள்.

"இதைப் பார்த்தது இல்லையா?"

"பார்த்திருக்கிறேன் அண்ணே. கம்பெனி பெயர் என்று நினைத்தேன்."

"கம்பெனி பெயர் இல்லை தம்பி. ஆயில் இந்தக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று போட்டிருக்கிறது."

அண்ணன் தலை குனிந்தார். தினமும் கண்ணில் பட்ட எழுத்து அது.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

கைப்பிடியில் உள்ள டப்பாவில் பிரேக் ஆயில் இருக்கிறது. லிவரைப் பிடித்தால் ஆயில் குழாய் வழியாகச் சக்கரத்துக்குத் தள்ளப்படுகிறது. அங்கே காலிப்பர் என்ற பாகம் இருக்கிறது. ஆயில் அதற்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பிரேக் பேடைத் தள்ளும். பேடு டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும். சக்கரம் நிற்கும்.

ஆயிலுக்குள் காற்று புகுந்தால் என்ன ஆகும்? ஒரு சோதனை செய்து பாருங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் நிரப்புங்கள். வாயை விரலால் அடைத்து அழுத்துங்கள். அமுங்காது. இப்போது தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை நிரப்பி அழுத்துங்கள். அமுங்கும். பிரேக்கிலும் இப்படித்தான். கையின் பலம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

அண்ணன் வண்டியில் பேடு தேய்ந்துவிட்டது. பேடு தேயத் தேய டப்பாவில் ஆயில் இறங்கும். ஆயில் கோட்டுக்கும் கீழே போனது. காற்று உள்ளே புகுந்தது.

குறையைக் கண்டுபிடிப்போம்

வண்டியை நிறுத்தி வைத்துப் பாருங்கள்.

1. லிவரைப் பல முறை அடித்தால் கெட்டியாகிறது. சற்று நேரத்தில் மறுபடி மெத்தென்று ஆகிறது. குழாயில் காற்று இருக்கலாம்.

2. லிவரை இறுக்கிப் பிடித்தபடி இருங்கள். அது மெல்ல மெல்ல உள்ளே போகிறது. எங்கோ ஆயில் ஒழுகலாம். அல்லது கைப்பிடியில் உள்ள மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

3. நீண்ட இறக்கத்தில் மட்டும் மெத்தென்று ஆகிறது. ஆறியதும் சரியாகிறது. ஆயில் பழையதாகி இருக்கலாம். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போல அமுங்கும்.

4. லிவரைப் பிடிக்கும்போது ரப்பர் குழாய் புடைக்கிறது. குழாயை மாற்ற வேண்டும்.

எந்த ஆயில் ஊற்றுவது?

எஞ்சின் ஆயில் ஊற்றவே கூடாது. அது பிரேக்கின் ரப்பரைக் கெடுத்துவிடும்.

டப்பாவின் மூடியைப் பாருங்கள். 'டாட் 3' அல்லது 'டாட் 4' என்று ஆங்கிலத்தில் இருக்கும். மூன்று எழுத்து, ஓர் எண். அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் பாட்டிலோடு ஒப்பிட்டு வாங்குங்கள். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். அதனால் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்ற வேண்டும். முன்பே திறந்து வைத்த பாட்டில் வேண்டாம்.

காற்றை எடுப்பது எப்படி?

முதல் முறை தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. பேடு தேய்ந்திருந்தால் முதலில் மாற்றுங்கள். ஒழுகல் இருந்தால் சரி செய்யுங்கள்.

2. டப்பாவைத் துடைத்து மூடியைத் திறங்கள். கோட்டுக்கு மேலே இருக்கும்படி ஆயில் ஊற்றுங்கள்.

3. காலிப்பரில் ரப்பர் மூடி போட்ட சின்ன நிப்பிள் இருக்கும். அதில் ஸ்பேனரைப் போடுங்கள். பிறகு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டுங்கள். குழாயின் மறுமுனை, ஒரு பாட்டிலில் உள்ள பிரேக் ஆயிலுக்குள் முழுகி இருக்கட்டும்.

4. லிவரைச் சில முறை மெதுவாக அடித்து, பிடித்துக்கொள்ளுங்கள்.

5. நிப்பிளைக் கொஞ்சம் திருப்புங்கள். ஆயிலோடு காற்றுக் குமிழி வரும். லிவர் உள்ளே போகும்.

6. நிப்பிளை மூடுங்கள். அதற்குப் பிறகுதான் லிவரை விட வேண்டும். முன்பே விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும்.

7. குமிழி நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நடுவில் டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. நிப்பிளை இறுக்கி, இரண்டு மூடிகளையும் போடுங்கள். லிவர் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் தள்ளிக்கொண்டே பிரேக் பிடித்துப் பாருங்கள். பிறகுதான் ஓட்ட வேண்டும்.

ஆயில் வண்டியின் பெயிண்டைக் கெடுக்கும். சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். பேடிலும் டிஸ்கிலும் படக் கூடாது. வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

2019 ஏப்ரல் 1 முதல், 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் ஆனது. ஏபிஎஸ் உள்ள வண்டியை மெக்கானிக்கிடமே விடுங்கள்.

இறக்கத்தில் கவனம்

பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்தி இறங்காதீர்கள். நியூட்ரலிலும் இறங்காதீர்கள். சின்ன கியரில் இறங்குங்கள். எஞ்சினே வேகத்தைக் குறைக்கும். பிரேக் சூடாவது குறையும்.

அண்ணன் இப்போது காலையில் வண்டியை எடுக்கும் முன் அந்த வட்டத்தைப் பார்க்கிறார். லிவரைப் பிடித்துப் பார்க்கிறார். மூடியில் இருந்த எழுத்தை நோட்டில் எழுதி வந்து வகுப்பில் காட்டினார். "இந்த நாலையும் முன்பே படித்திருந்தால், அன்றைக்கு என் மனைவி அப்படிப் பயந்து அழுதிருக்க மாட்டாள்" என்றார்.

உங்கள் வண்டியில் என்ன எழுதி இருக்கிறது? இன்றைக்கே படித்துப் பாருங்கள்.

பயிற்சி

1. லிவர் பஞ்சு போல அமுங்கினால் வண்டியை ஓட்டலாமா? ஏன்?

2. டப்பாவில் ஆயில் குறைந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டும்?

3. நிப்பிளை மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். ஏன்?

4. உங்கள் வண்டியின் மூடியில் உள்ள எழுத்தையும் எண்ணையும் இங்கே எழுதுங்கள்: ................