காட்டைக் கேளுங்கள்: கேள்வி – பதில்

கே: ஏனுங்க ஐயா, தென்னாப்பிரிக்காவில் தாயில்லாத சிங்கக்குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கும் தன்னார்வப் பணிக்கு என் மகள் விண்ணப்பித்திருக்கிறாள். தலைமைப்பண்பும் சொல்லித் தருவார்களாம். அனுப்பலாமா?
– ஒரு தாய், சேவூர்

ப: அனுப்பாதீங்க. அங்கே பல பண்ணைகளில் குட்டிக்குத் தாய் இல்லாமல் இல்லை; பிறந்த சில நாளில் பிரித்துவிடுகிறார்கள். பிரித்தால் தாய் சீக்கிரம் மறுபடி சினைக்கு வரும். மாடு வைத்திருக்கிற ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. கைபட்டு வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. வளர்ந்ததும் வேலிக்குள் வைத்துச் சுடுவதற்கு விற்பார்கள், எலும்புக்குத் தனி வியாபாரம். இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2021-இல் அந்த நாட்டு அரசே அறிவித்தது. காட்டு விலங்கைக் கட்டிப்பிடித்துப் படமெடுக்க விடுகிற இடம் எந்த நாட்டில் இருந்தாலும் போக வேண்டாம்.

கே: சுற்றுலா விசாவில் போய்த் தன்னார்வப் பணி செய்யலாமா?
– பெயர் வேண்டாம், கருமத்தம்பட்டி

ப: பல நாடுகளில் சம்பளமில்லாத வேலையும் வேலைதான். தூதரகத்தைக் கேளுங்கள், ஏஜென்டைக் கேட்காதீர்கள்.

கே: பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். வெளிநாட்டுக் காட்டில் கொஞ்ச நாள் தொண்டு செய்தால் 'சேவைத் தலைமை' வரும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். போய் வந்தால் டெய்லர்கள் என் பேச்சைக் கேட்பார்களா?
– வாசகர், அவிநாசி

ப: தம்பி, அவர்கள் பேச்சை நீங்கள் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? முதலில் சேவை, பிறகே தலைமை என்கிற இந்தச் சேவைத் தலைமை பற்றி 1970-இல் கட்டுரை எழுதிய ராபர்ட் கிரீன்லீஃப் காட்டு ஆசாமி அல்ல. தொலைபேசிக் கம்பெனியில் உத்தியோகக் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர்.

காட்டுக் கதைதான் வேண்டுமென்றால் நம்மூர் ஆட்களின் கதையே இருக்கிறது. புளோரிடாவின் சதுப்புக் காடுகளில் பர்மிய மலைப்பாம்பு பெருகி, மற்ற உயிர்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. 2016-இல் அதைப் பிடிக்கப் போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் இறங்கி ஒரு மாதத்தில் பிடித்தது 106. அடுத்த ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்தில் பாம்பு பிடிக்கிற இருளர் பழங்குடியினர் இரண்டு பேர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், அங்கே போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். எல்லோரும் ரோட்டோரமும் கரையோரமும் தேட, இவர்கள் புதருக்குள் நுழைந்தார்கள். தடம் பார்த்து, எச்சம் பார்த்து, மெதுவாக நடந்தார்கள். கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றிலிருந்து பதினாறு அடிப் பெண் பாம்பை இழுத்துப் போட்டார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பாம்பை அல்ல, இவர்களோடு கூட வந்த அந்த ஊர்ப் பல்கலைக்கழக ஆட்களை. படிப்பும் பதவியும் பட்ஜெட்டும் அவர்கள் பக்கம். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர், வண்டி, அனுமதி எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு, காட்டுக்குள் வழியை இருளர் கையில் விட்டார்கள். அதுதான் தம்பி நீங்கள் கேட்கிற பாடம். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாம்புத்தோல் வியாபாரம் தடையானபின் பிழைப்பு போன இருளருக்காக 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் சங்கம், விஷமுறிவு மருந்துக்கு இன்னும் விஷம் எடுத்துத் தருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு லட்சம் கட்டிப் போய்க் கூடாரத்தில் பஃபே சாப்பிட்டுவிட்டு வந்து 'அகங்காரம் போச்சு' என்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அகங்காரம் போட்டோவோடு திரும்பி வந்திருக்கும்! நாளைக்கு உங்கள் லைனில் ஊசி அடிக்கடி உடைகிற மெஷின் எது என்று டெய்லருக்கு உதவியாக நிற்கிற கைமடிப் பொண்ணைக் கேளுங்கள். மெக்கானிக்கை நீங்களே போய்க் கூட்டி வாருங்கள்.

கே: வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்குச் சான்றிதழ் தருவார்களா?
– கல்லூரி மாணவர், அன்னூர்

ப: தருவார்கள். காசு கட்டினால் நிச்சயம் தருவார்கள்.

கே: வெளிநாடு போக வசதியில்லை. நம்ம திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் ஏதாவது செய்யலாமா? பறவைகளுக்குப் பொரி போடலாமா?
– அம்மிணி ஒருத்தி, பெருமாநல்லூர்

ப: பொரி வேண்டாம் கண்ணு. நீர்ப்பறவைக்கு அது தீனியே அல்ல. 2022-இல் சரணாலயமாகி, 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த குளம் அது. வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி அங்கே வருகிறது. பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பேர் தெரியாவிட்டால் குறிப்பேட்டில் எண்ணிக்கை எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள். விடிவதற்குள் போய்விடு, பளிச்சென்ற துணி வேண்டாம், கூட வருகிற தோழியிடம் போனை சைலண்டில் போடச் சொல்.