துறைமுகத்தைச் சுற்றித் தனியொருவன் பிரயாணம்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, தனியொருவனாய்க் காரோட்டிச் சென்று அப்பிரதேசத்தைச் சாவதானமாகக் கண்டுவர உத்தேசிக்கும் எவரும் முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது, அங்கே கடல் நிலத்தினுள் புகுந்து குடாவுக்குள் குடாவாக விரிந்து கிடப்பதால், கண்ணுக்குத் தெரியும் தூரமும் சக்கரம் உருளும் தூரமும் ஒருபோதும் ஒத்துவருவதில்லை என்பதாகும். நகரத்துக் கரையில் நிற்பவனுக்குக் கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள மூதூர் மிக அண்மையில் இருப்பதாகவே தோன்றும். ஆயினும் தரைவழியே அங்கு சேர, சீனக்குடாவையும் கிண்ணியாவையும் வளைந்து, நீர்நிலை பல கடந்து, 30 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் செல்லவேண்டும். ஆகையால் இப்பிரயாணத்தைத் திட்டமிடுபவர் தூரத்தைக் கணக்கிடுவதைவிடப் பொழுதைக் கணக்கிடுவதிலேயே கூடிய கவனம் செலுத்தவேண்டும் என்பது, பலகாலம் அவ்வழிகளில் தனித்து வாகனம் ஓட்டியதால் எனக்கு உண்டான உறுதியான அபிப்பிராயம். எந்த ஊரை எந்த வேளையில் கடப்பது, எந்தக் கரையில் எப்போது நிற்பது, எந்தக் காட்டுவழியை எந்த நாழிகைக்குப் பின் தவிர்ப்பது என்பவற்றைத் தீர்மானித்துவிட்டால், மற்றவை தாமாகவே ஒழுங்குபடும்.

பொழுதைச் சொல்லும்போது பருவத்தை முதலிற் சொல்லவேண்டும். கிழக்குக் கரைக்கு மழை கொணர்வது வாடைக் காற்று. ஐப்பசியில் தொடங்கித் தை வரையில் கடல் கொந்தளித்துக் கிடக்கும், நிலாவெளிக் கரைக்கு அப்பாலுள்ள புறாத்தீவுக்குப் படகு போகாது, தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் ஏறும். 2020 ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையைக் கடந்தது என்பதை நினைவிற் கொண்டால், அம்மாதங்களில் தனிப் பிரயாணம் வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதன் நியாயம் விளங்கும். சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் தெளிந்து அடங்கியிருக்கும். எனினும் இந்த நல்ல பருவத்தின் நடுவே, மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வரும் கச்சான் காற்று, ஈரமெல்லாம் உலர்ந்து அனலாய் வீசும் நாட்கள் உண்டு. அந்நாட்களில் பதினொரு மணிக்குப் பிறகு மூன்று மணி வரையில் வாகனத்தை நிழலில் நிறுத்திவிட்டு ஓய்ந்திருப்பதே புத்தி. சித்திரைப் பாடசாலை விடுமுறையையும் ஆகஸ்ட் மாதத்து நெரிசலையும் விலக்கி, வைகாசியையோ புரட்டாதியின் முற்பகுதியையோ தேர்ந்துகொள்பவருக்கு, அறையும் எளிதிற் கிடைக்கும். வீதியும் விட்டுக் கொடுக்கும்.

வெளிநாட்டில் ஓட்டிப் பழகி இங்கு வருவோருக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அயர்லாந்தில் குடியேறிய உறவினர் ஒருவர், அந்நாட்டின் மேற்குக் கரையோரமாக டொனகோலிலிருந்து கோர்க் வரை ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர் நீளும் ‘வைல்ட் அட்லாண்டிக் வே’ என்னும் வீதியில் தாம் தனியே கார் ஓட்டிச் சென்றதை எனக்கு விரிவாகச் சொல்லியிருக்கிறார். 2014 ஆம் ஆண்டில் அப்பெயர் சூட்டி, வழிநெடுக அடையாளப் பலகைகள் நாட்டி, பிரயாணிக்கு வேண்டியவற்றை அந்நாட்டார் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்கள். அங்கும் நம்மைப் போல இடப்பக்கமாகவே ஓட்டுவது வழக்கம். கிராம வீதிகள் ஒடுக்கமானவை. வளைவில் செம்மறி ஆடுகள் நிற்கும். ஆகவே அங்கு பழகியவர்களுக்கு இங்கு ஓட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் ஏமாந்துபோக இடமுண்டு. அயர்லாந்தின் நடுக்கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் எஞ்சியிருக்கும். இங்கோ எந்த மாதமாயினும் ஆறரை மணியளவில் இருள் சடுதியாய்க் கவிந்துவிடும். அங்கே ஒருநாளில் அடக்கக்கூடிய வழியை இங்கே இரண்டு நாட்களுக்குப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவோர், கையிலுள்ள சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் ஒன்றே போதுமென்று எண்ணாமல், இலங்கையில் அது செல்லுபடியாவதற்கான அங்கீகாரத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டு புறப்படுவது அவசியம்.

வாகனத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிறிய கார் போதும். ரயர்கள் புதியனவாகவும், மேலதிகச் சக்கரம் காற்றடைத்ததாகவும், அதை மாற்றும் கருவிகள் முழுமையாகவும் இருக்கின்றனவா என்று வாடகைக்குக் கொடுப்பவர் முன்னிலையிலேயே திறந்து பார்த்துவிடவேண்டும். தனியே செல்பவனுக்கு அரைத்தாங்கிப் பெற்றோல் என்பதே வெறுந்தாங்கி. நகரத்தை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு காலையும் நிரப்பிக்கொள்ளுதல் நன்று. ஊர்களுக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர் என்ற வேக வரம்பு சட்டத்துக்காக மட்டுமன்றி, நாம் காணப்போகும் நாட்டின் ஸ்வபாவத்துக்கும் ஏற்றதாகும்.

தங்குமிடத்தை நாள்தோறும் மாற்றிக்கொண்டு அலைவதை நான் விரும்புவதில்லை. நகரத்திலோ, வடக்கே அண்மையிலுள்ள உப்புவெளியிலோ ஓர் அறையை எடுத்துக்கொண்டு, தெற்கு, வடக்கு, மேற்கு என்று பிரியும் வழிகளை ஒவ்வொரு காலையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சென்று, மாலைக்குள் திரும்பிவருவதே சௌகரியம். தினமும் புறப்படுமுன் எந்த வழியாற் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்குமிடத்துக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதை ஒரு நியமமாகவே கொள்ளவேண்டும். தனித்துச் செல்பவனைத் தேடுவதற்கு ஒருவராவது இருக்கவேண்டும் அல்லவா?

அம்மூன்று வழிகளுள் தென்வழியே என் மனத்துக்கு மிகவும் உகந்தது. நகரத்தை விட்டு வளைந்து சீனக்குடாவை அடைந்தால், காட்டினுள்ளே ஆங்கிலேயர் தம் கடற்படைக்காக அமைத்த எண்ணெய்க் குதங்கள், இன்றைக்கும் 99 எஞ்சியவையாய், கொடிபடர்ந்து நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசியபோது இப்பகுதியும் தாக்குண்டது. துறைமுகத்தையும் விமானத் தளத்தையும் சூழ்ந்த இடங்கள் படையினரின் பொறுப்பில் உள்ளமையால், பலகை வைத்துத் தடுத்த இடத்தில் நிற்கவோ படமெடுக்கவோ கூடாது. ஐயமிருப்பின் காவலில் நிற்பவரைக் கேட்டுக்கொள்வதே மரியாதையும் பாதுகாப்பும் ஆகும்.

அப்பால் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம். 2009 ஆம் ஆண்டில் இது திறக்கப்படும் வரையில் வாகனங்கள் மிதவைப் பாதையில் ஏறி, முறைவரும் மட்டும் கரையிற் காத்துக் கிடந்தே மறுகரை சேர்ந்தன; இவ்வீதியில் மட்டக்களப்பு நோக்கிச் செல்பவர் அவ்வாறு ஒன்றல்ல, பல துறைகளில் காத்திருக்க நேர்ந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற ஆறுகளுக்கும் பாலங்கள் அமைந்துவிட்டமையால் இன்று ஒரே ஓட்டமாகப் போய்விடலாம். பாலத்தின்மீது வாகனத்தை நிறுத்தாது, கடந்து சென்று அகலமான ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்துவந்து பார்த்தால், ஒருபுறம் தம்பலகாமக் குடாவும் மறுபுறம் துறைமுகமும் ஒருங்கே தோன்றும். பிரதான வீதியை விட்டு உட்கிராமங்களுக்குச் செல்ல விரும்புவோர், எங்கேனும் மிதவையில் ஏற நேர்ந்தால், அதிலுள்ள பாரத்தைக் கண்ணாற் கண்டபின்பே ஏறுக. 2021 நவம்பரில் கிண்ணியாவைச் சேர்ந்த குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவர்கள் உயிரிழந்த துயரத்தை அவ்வூரார் மறக்கவில்லை, நாமும் மறக்கலாகாது.

கிண்ணியாவும் மூதூரும் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாய் வாழும் ஊர்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் அடைபடும். பள்ளிவாசல்களின் முன்னே வீதி நிறைந்திருக்கும். அந்த வேளையில் அங்கு உணவு தேடுவதும், ஜனத்திரளினூடே வாகனத்தைச் செலுத்துவதும் உசிதமல்ல. ஆதலால் வெள்ளிக்கிழமையை வடக்கு வழிக்கு ஒதுக்கிவிடலாம். மற்ற நாட்களில், வீதியோரத் தேநீர்க் கடையில் பிளேன்ரீயும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்துவிட்டால், வழியின் நிலைமையைப் பற்றி எந்தப் புத்தகமும் சொல்லாத செய்திகள் வந்து சேரும். அவ்வாறு ஒரு பெரியவர், நான் மூதூருக்கும் தெற்கேயுள்ள வெருகலுக்குப் போவதாகச் சொன்னதைக் கேட்டு, “தம்பி, போறது பிழையில்ல, பொழுது படமுந்தித் திரும்பி வந்திருங்க, இருட்டினா றோட்டு நெடுக மாடு படுத்திரிக்கும், அங்கால ஆனையும் நிக்கும்” என்று புத்தி சொன்னார். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தார்வீதி இரவில் இளஞ்சூடாய் இருப்பதால் மாடுகளும் எருமைகளும் கூட்டமாக வந்து அதன்மேற் படுத்துக்கொள்ளும். கரிய எருமை கரிய வீதியில் கிடப்பது, விளக்கு அதன்மேல் விழும் கடைசிக் கணம் வரையில் தெரியாது. அறுவடைக் காலத்தில் நெல்லை வீதியின் ஒரு பாதியிற் பரப்பி உலரவிட்டிருப்பார்கள். அதன்மேல் சக்கரம் ஏறாதவாறு, எதிரே வருபவருக்கு வழிவிட்டு, மெல்லக் கடந்துபோவது, ஆறு மாதப் பிரயாசைக்கு நாம் காட்டவேண்டிய மதிப்பு.

மூதூர்ப் பக்கத்தில்தான், 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. புயலிற் பாய்மரம் இழந்து இக்குடாவில் ஒதுங்கிய கப்பலைச் சேர்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞன் 1660 இல் இங்கே பிடிபட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டியரசனின் நாட்டில் தடுத்துவைக்கப்பட்டுத் தப்பிச்சென்று, பின்னர் இத்தீவைப் பற்றி எழுதிய நூல் இன்றும் சரித்திரகாரருக்குப் பயன்படுகிறது. இன்னும் தெற்கே, மகாவலியின் கிளையாறு ஒன்றின் கரையில் வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயில் இருக்கிறது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர் தங்கிப் போகும் ஸ்தலம் இது. காலையிற் புறப்பட்டு முதலில் வெருகலைத் தரிசித்துவிட்டு, திரும்பும் வழியில் மூதூரிலும் கிண்ணியாவிலும் ஆறுதலாக நிற்பது நலம். நேர்மாறாகச் செய்பவர் மிகத் தொலைவான இடத்தில் மாலையைச் சந்திப்பார்.

வடக்கு வழி எளியது. உப்புவெளியில் இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்த முந்நூற்றுக்கு மேற்பட்டவர்களின் கல்லறைத் தோட்டம் உண்டு. சற்று நின்று பார்க்கவேண்டும். 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவுக்கு நிலாவெளிக் கரையிலிருந்து காலையிலேயே படகெடுத்துவிடுக. அங்குள்ள முருகைக்கற்கள் உயிருள்ளவை, அவற்றின்மேற் கால் பதிக்கலாகாது. குச்சவெளி, திரியாய் கடந்து புல்மோட்டை வரை 50 கிலோமீற்றருக்குச் சற்று மேல். இல்மனைற்று மணலின் கருமையும், அரிசிமலைக் கரையில் அரிசி போன்ற பரல் மணலும் ஒரே நாளிற் காணக்கிடைப்பது விசேஷம்.

மேற்கே கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழுக்கும் விடியற்காலையே தக்க வேளை. கூட்டமும் இராது, வெயிலில் வெந்நீர் முழுகும் சங்கடமும் இராது. அண்மையிலுள்ள வெல்கம் விகாரையைத் தமிழர்களாகிய நாம் தவறவிடலாகாது. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, தமிழ்க் கல்வெட்டுக்களைத் தாங்கி நிற்கும் இப்பௌத்தப் பள்ளி, மதத்தையும் மொழியையும் பிரித்துப் பேசப் பழகிவிட்ட இக்காலத்தில் நாம் நெடுநேரம் நின்று சிந்திக்கத்தக்கது.

நகரத்துக்குள் காரை நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். பிரெட்றிக் கோட்டையின் வாசலினூடாகச் சுவாமிமலைக்கு ஏறும் வழியில் புள்ளிமான்கள் கைக்கு அருகே வரும். உணவுப் பொட்டலத்தின் பொலித்தீனைத் தின்று அவை மடிவதால், ஒரு துண்டு உறையையும் அங்கே விட்டுவரக் கூடாது. 1622 இல் போர்த்துக்கேயர் இடித்து வீழ்த்திய கோணேசர் கோயிலின் தூண்கள், 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்தபோது பாறையடியில் கடலாழத்திற் கிடந்தன. புதிய கோயில் 1963 இல் குடமுழுக்குக் கண்டது. மாலைப் பூசைக்கு முன் ஏறினால் ஒருபுறம் சமுத்திரமும் மறுபுறம் துறைமுகமும் வெளிச்சத்தோடு தெரியும். நகரின் பழைய ஆங்கிலேய மயானத்தில் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் இளவலான கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின், 1852 இல் பர்மாவில் இறந்து, அடக்கமாகியிருக்கிறார் என்பதை ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அறிந்தால் மகிழ்வார்கள்.

விடைபெறும் நாளில், கந்தளாய் வழியாக ஹபரணைக்குச் செல்லும் வீதியே பெரும்பாலோருக்கு வழி. காலை ஏழு மணிக்குப் பிறகு புறப்பட்டால் யானைகள் காட்டுக்குள் ஒதுங்கியிருக்கும். மாலை ஐந்துக்குப் பிறகு அவ்வழியே செல்லவேண்டாம். யானை வீதியில் நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹோன் அடியாது, விளக்கைத் தணித்து, பழமோ சோளமோ எறியாது காத்திருந்து, லொறியோ பஸ்ஸோ வரும்போது அதன் பின்னே செல்க. கந்தளாயில் எருமைத் தயிர் வாங்குவோர் சட்டியை ஆசனத்தின்மேல் வைக்காமல், கால்வைக்கும் இடத்தில் துணி சுற்றி இறுக்கி வைக்கவேண்டும். ஹபரணை தாண்டியதும் வளைவுகள் அதிகம்.