பிள்ளை முகமும் பேரச்சமும்

செஞ்சி என்ற மாத்திரத்தில் இராசகிரியும் கிருட்டிணகிரியும் சந்திரகிரியும், 1714ஆம் ஆண்டில் இளவயதிலேயே களத்தில் மாய்ந்த தேசிங்கின் பெயருமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், அக்கோட்டைக்கு அணித்தே திருநாதர் குன்று என்னும் மற்றொரு குன்றும் உளது. அதன் பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் என்பார் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த செய்தியை அங்குள்ள பழங்கல்வெட்டு கூறும். போர் பயின்ற கோட்டையும் கொல்லாமை பயின்ற குன்றும் அடுத்தடுத்து நிற்கும் இவ்வூரை நினைவிற் கொண்டு, கொலையைப் பற்றிய வினா ஒன்றனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். குழந்தையே பகையாய் வந்தால் யாது செய்வது என்பதே அவ்வினா.

இவ்வினாவையே பெயராகக் கொண்டு, ‘ஒரு குழந்தையைக் கொல்ல வல்லார் யார்?’ என்னும் பொருள்படும் திரைப்படமொன்று 1976இல் ஸ்பெயின் நாட்டில் வெளிவந்தது. அதனை இயக்கியவர் நார்சிசோ இபான்யெஸ் செராதோர் என்பவர். ஆங்கிலேயக் கணவனும் சூல்கொண்ட மனைவியும் ஒரு தீவிற்குச் செல்கின்றனர். ஆங்கே சிறுவரே திரிகின்றனர். பெரியோரை அச்சிறுவரே கொன்றுவிட்டனர் என்பது பின்னர்ப் புலனாகின்றது. மனைவியை இழந்த கணவன் தன்னுயிர் காக்கச் சிறுவரோடு போராடுகின்றான். அவ்வேளை படகில் வந்த காவலர், அவன் பிள்ளைகளை வதைப்பதாகவே கருதி அவனைச் சுட்டு வீழ்த்துகின்றனர். அடுத்து அக்காவலரும் மடிகின்றனர்.

இக்காட்சி தமிழர்க்குப் புதிதன்று. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் நீலி கதையை நோக்குக. முற்பிறப்பில் தன்னைக் கொன்ற கணவன் வணிகனாய்ப் பிறந்து அவ்வூர்க்கு வர, பேயுருக் கொண்ட நீலி கள்ளிக் கொம்பொன்றைப் பிள்ளையாக்கி இடுப்பிற் சுமந்து, ‘இவர் என் கணவர்’ என்று முறையிடுகின்றாள். வணிகன் மறுக்கின்றான். வழக்குக் கேட்ட வேளாளர் எழுபதின்மரும் ஐயுற்று நிற்க, அப்பிள்ளை ‘அப்பா’ என்று அவன்பால் தாவுகின்றது. அவ்வளவே! ஐயம் அகன்றது. அவனைக் காத்துவந்த வாளையும் வாங்கிக்கொண்டு, ‘உனக்குத் தீங்கு நேரின் எம்முயிர் தருவோம்’ என்று உறுதி கூறி அவளுடன் விடுத்தனர். பொழுது புலர்ந்தபோது அவன் பிணமாய்க் கிடந்தான். எழுபதின்மரும் தீப்பாய்ந்து சொற்காத்தனர். திருஞானசம்பந்தரும் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாட்டில் இதனைக் குறிப்பர். ‘நீலிக் கண்ணீர்’ என்னும் வழக்கும் இன்றுவரை நிலவுகின்றது.

இரண்டிடத்தும் உண்மை கூறுவோன் ஒருவனே. அவனை எவரும் நம்பிலர். என்னை? எதிரே நிற்பது பிள்ளை முகம். காவலரும் வேளாளரும் தீயர் அல்லர். எளியாரைக் காத்தல் வேண்டும் என்னும் நல்லுணர்வே அவர்களை வீழ்த்தியது. கோரப்பல்லைக் கண்டு அஞ்சும் அச்சம் சிறிது. நம் நற்குணமே நமக்குக் கண்ணியாகும்போது எழும் அச்சமே பெரிது.

அங்ஙனமாயின், இக்கதைகள் பிள்ளைகளை ஐயுறுக என்றா கற்பிக்கின்றன? அன்று. அத்திரைப்படத்தின் தொடக்கத்தில், ஆசுவிட்சு சிறைமுகாமிலும், வியத்நாம், நைசீரியா முதலிய நாட்டுப் போர்களிலும் மாண்ட குழந்தைகளின் மெய்யான காட்சிகள் காட்டப்பெறுகின்றன. குழந்தையைக் கொல்ல வல்லார் யார் என்னும் வினாவிற்கு, ‘பெரியோராகிய நாமே முன்னர்க் கொன்றோம்’ என்னும் விடை முதற்கண்ணே கிடைத்துவிடுகின்றது. நீலியும் காரணமின்றிப் பேயானவள் அல்லள், கொலையுண்டவள். முதற்கொலை பெரியோருடையது, பின்வந்தது அதன் வட்டி.

இவ்வட்டியைத் தீர்க்கும் வழியொன்றைச் சமணர் கண்டனர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியை அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். அதில், பிள்ளைப்பேற்றிற்கு நன்றியாக உயிர்ப்பலி கொணர்ந்தோரை முனிச்சந்திரர் தடுத்து, மண்ணாற் செய்த உருவங்களைப் படைக்குமாறு கூறுகின்றார். அவரை அச்சுறுத்த வந்தவள் பழையனூர் நீலி. முனிவர் அஞ்சினாரல்லர், அவளை அழித்தாருமல்லர், அறம் உரைத்தார். கொல்ல வந்தவள் கொல்லாமையை நாடெங்கும் நிலைநாட்டும் ஆசிரியை ஆயினாள்.

செஞ்சிக் கோட்டை பகைவரைத் தடுக்க எழுந்தது. எனினும் பன்முறை கைமாறிற்று. திருநாதர் குன்றிற்கோ மதிலே இல்லை. பிள்ளைகளுக்கு அஞ்சும் உலகம் மதிலை உயர்த்துதலினும், அவர்களை அஞ்சவைத்த கைகளை முதலிற் கழுவுதல் நன்று.