பூட்டிய தரவைத் தேடுதல்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஆகிய இரண்டு இடங்களிலும் கிளை வைத்திருக்கும் ஒரு தனியார் கிளினிக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கிள்ளானில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து இறங்குகிறார். வழியிலேயே காய்ச்சல் கூடியதால் பிரிக்பீல்ட்ஸ் கிளைக்குச் செல்கிறார். பெனிசிலின் மருந்து அவருக்கு ஒவ்வாது. அந்தக் குறிப்பு கிள்ளான் கிளையில் முன்பே பதிவாகியிருக்கிறது. முகப்பில் உள்ள ஊழியர் அடையாள அட்டை எண்ணைத் தட்டியதும் அந்தப் பதிவு உடனே கிடைக்க வேண்டும். அதே வேளையில், கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் எவருக்கும் அந்த எண் தெரியக் கூடாது. விரைவாகக் கிடைக்கவும் வேண்டும். பிறர் கண்ணில் படவும் கூடாது. இந்த இரண்டு தேவைகளையும் எவ்வாறு ஒருங்கே நிறைவேற்றுவது?

இஃது ஏட்டளவில் எழுந்த கேள்வி அன்று. 2017 அக்டோபரில், மலேசியாவின் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களைப் பற்றிய விவரங்கள் கசிந்த செய்தி வெளியானது. எண்களோடு பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியனவும் படிக்கக்கூடிய வடிவில் அந்நியர் கையில் சிக்கியிருந்தன. கடவுச்சொல் கசிந்தால் அன்றே மாற்றிவிடலாம். அடையாள அட்டை எண்ணோ வாழ்நாள் முழுவதும் ஒருவரோடு இருப்பது. கசிந்த பின் வருந்துவது கண்கெட்ட பின் சூரிய வணக்கம் செய்வதற்கு ஒப்பாகும்.

கிளினிக்கின் பதிவுகள் தொடர்புசார் தரவுத்தளத்தில் இருக்கும். இந்த முறையை 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் முன்வைத்தார். இதில் தகவல்கள் அட்டவணைகளாகப் பிரித்து வைக்கப்படுகின்றன. நோயாளிகளுக்கு ஓர் அட்டவணை; மருந்து ஒவ்வாமைக்கு மற்றோர் அட்டவணை. ஒவ்வொரு நோயாளிக்கும் கிளினிக் தரும் பதிவெண் இரண்டையும் இணைக்கிறது. ஆகவே, அடையாள அட்டை எண்ணை எல்லா அட்டவணைகளிலும் எழுத வேண்டியதில்லை. நோயாளி அட்டவணையில் மட்டும் இருந்தால் போதும். காக்க வேண்டிய இடம் குறைகிறது.

அந்த ஓரிடத்தையும் பூட்டுவதற்கு மறைகுறியாக்கம் உதவுகிறது. இரகசியத் திறவுகோலைக் கொண்டு எண்ணைப் பொருள் விளங்காத குறிகளாக மாற்றுவதே மறைகுறியாக்கம் ஆகும். 2001-ஆம் ஆண்டில் அமெரிக்கா தரமாக அறிவித்த ஏ.இ.எஸ். என்னும் முறை இன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. இதனை முறையாகப் பயன்படுத்தும்போது, ஒவ்வொரு தடவையும் கணினி புதியதோர் எண்ணைக் குலுக்கல் முறையில் தேர்ந்து உடன் சேர்த்துக்கொள்கிறது. அதனால், ஒரே அடையாள அட்டை எண்ணை இருமுறை பூட்டினால் இருவேறு குறிகள் கிடைக்கும். பாதுகாப்புக்கு இது நல்லது. தேடலுக்கோ இதுவே தடை. ஊழியர் தட்டிய எண்ணை மறுபடியும் பூட்டி, அட்டவணையில் உள்ளவற்றோடு ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது.

எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாமே எனத் தோன்றலாம். பதிவுகள் பெருகப் பெருக, அவ்வாறு தேடும் நேரமும் பெருகும். அதைவிட, ஒருவரைத் தேடுவதற்காக எல்லாருடைய எண்களையும் திறப்பது ஒவ்வொரு தேடலிலும் ஆபத்தை வரவழைப்பதாகும்.

இதற்குத் தீர்வாக, பூட்டிய எண்ணின் பக்கத்தில் இன்னொரு நிரல் சேர்க்கப்படுகிறது. அதில் இருப்பதைத் தேடுகுறி எனலாம். அடையாள அட்டை எண்ணையும் வேறோர் இரகசியத் திறவுகோலையும் கலந்து கணித்தால் தேடுகுறி கிடைக்கும். ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே தேடுகுறிதான் வரும். ஆனால், குறியைக் கொண்டு எண்ணுக்குத் திரும்பிச் செல்ல முடியாது. ஊழியர் எண்ணைத் தட்டியதும் கணினி அதன் தேடுகுறியைக் கணிக்கிறது. தரவுத்தளம் அதே குறி உள்ள நிரையைக் கண்டுபிடிக்கிறது. அந்த ஒரு நிரை மட்டுமே திறக்கப்படுகிறது. மற்ற நோயாளிகளின் எண்கள் பூட்டியபடியே இருக்கின்றன.

இரகசியத் திறவுகோல் இல்லாமல் தேடுகுறியைக் கணித்தால் என்ன ஆகும்? மலேசிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைக் காட்டும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கும். 10 என்றால் சிலாங்கூர், 14 என்றால் கோலாலம்பூர். ஒருவருடைய பிறந்தநாளும் பிறந்த ஊரும் தெரிந்தால், எஞ்சுவது நான்கு இலக்கங்களே. அவற்றுக்கு 10,000 வாய்ப்புகள்தாம் உண்டு. கடைசி இலக்கம் ஆண்களுக்கு ஒற்றை எண், பெண்களுக்கு இரட்டை எண் என்பதால் அது 5,000 ஆகக் குறைகிறது. திருடன் அத்தனைக்கும் குறிகளைக் கணித்து ஒப்பிட ஒரு நொடிகூடத் தேவைப்படாது. திறவுகோல் அவனிடம் இல்லையென்றால் இந்த வழி அடைபடும். எனவேதான், திறவுகோல்களைத் தரவுத்தளத்தோடு சேர்த்து வைக்காமல் தனியிடத்தில் காக்க வேண்டும். பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டி வைப்பதால் பயனில்லை.

தேடுகுறிக்கும் எல்லைகள் உண்டு. எண்ணை இடைக்கோடு இட்டு எழுதினால் ஒரு குறியும், கோடு இல்லாமல் எழுதினால் வேறு குறியும் வரும். லட்சுமி, லெட்சுமி ஆகிய இரண்டு பெயர்களுக்கும் குறிகள் வேறுபடும். ஆகையால், தகவலை ஒரே வடிவத்திற்குக் கொண்டுவந்த பின்னரே குறியைக் கணிக்க வேண்டும். மேலும், இரத்த வகை போன்ற தகவலுக்குத் தேடுகுறி பொருந்தாது. ஏ, பி, ஏபி, ஓ ஆகியவற்றோடு நேர், எதிர் வேறுபாட்டையும் சேர்த்தால் எட்டு வகைகளே உள்ளன. அதிகமாக வரும் குறி எந்த வகையைச் சுட்டும் என்பதைத் திருடன் எளிதில் ஊகித்துவிடுவான். தேடுவதற்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே குறி இட வேண்டும்.

மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கில் தரவைத் திரட்டும் நிறுவனங்கள் அதனைப் பாதுகாக்க வேண்டும் என விதிக்கிறது. அந்தக் கடமையை நிறைவேற்றுவதற்கு இத்தகைய நுட்பங்கள் துணைபுரிகின்றன. மூதாட்டியின் பதிவு சில நொடிகளில் திரையில் தோன்றுகிறது. மருத்துவர் பெனிசிலினைத் தவிர்த்து வேறு மருந்து எழுதித் தருகிறார். தம் எண்ணை யார் எப்படிக் காத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமலே அவர் நிம்மதியாக வீடு திரும்ப முடிவதுதான் அந்தப் பூட்டின் பயன்.