இரண்டு சந்நிதியிலும் கும்பிடலாமா?

கேள்வி: நான் ஏற்காடு கரடியூர்ப் பெண். மலையாளி பழங்குடி. சிஸ்டர்கள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளியில், விடுதியில் தங்கி, தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறேன். அம்மாவுக்குக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. என் செலவையெல்லாம் சிஸ்டர்களே பார்த்துக்கொள்கிறார்கள். காலை ஜெபத்தில் நிற்கும்போது நன்றியில் கண் கலங்கிவிடுகிறது. மே மாதத் திருவிழாவில் சேர்வராயன் கோயில் குகைக்குள் கும்பிடும்போதும் அப்படித்தான். இது தப்பா? கடவுள் இவ்வளவு செய்திருக்கிறார், நான் உலகத்துக்கே சேவை செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. அம்மாவோ, “முதல்ல வீட்டைப் பாரு” என்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்பு மகளே, தப்பே இல்லை. அந்தக் குகையில் இருக்கும் சேர்வராயனும் காவேரி அம்மனும் உன் பாட்டன் பூட்டன் கும்பிட்ட தெய்வங்கள். அந்த ஜெபம், உன்னைப் படிக்கவைக்கிறவர்களின் வழிபாடு. உதவி வாங்கியதற்காக உன் சாமியைப் பள்ளியில் மறைக்காதே. ஜெபத்தில் மனசு இளகுவதை வீட்டில் மறைக்கவும் வேண்டாம். இரண்டில் ஒன்றை இப்போதே தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று யாரும் உன்னை அவசரப்படுத்த முடியாது.

எனக்குக் கவலை தருவது கடிதத்தின் அடுத்த பகுதிதான். சேவை செய்ய வேண்டும் என்கிறாய், என்ன வேலை கற்றுக்கொண்டு செய்யப்போகிறாய் என்று ஒரு வரிகூட இல்லை.

ஐடா ஸ்கடரின் கதையைச் சிஸ்டர்கள் சொல்லியிருக்கலாம். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். மிஷனரி ஆகும் எண்ணமே அவருக்கு இல்லை. அமெரிக்காவில் படித்துவிட்டு, உடல்நலமில்லாத அம்மாவைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். வைத்தியம் தெரிந்தவர் அவருடைய அப்பா. ஆனால் ஆண் மருத்துவர் தொடுவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவில் ஐடாவிடம் இரக்கம் இருந்தது, ஜெபம் இருந்தது. பிரசவம் பார்க்கத்தான் தெரியவில்லை.

அவர் அமெரிக்கா திரும்பிப் போய் மருத்துவம் படித்தார். 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி திறந்தார். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) அங்கிருந்து வளர்ந்ததுதான். அழுதுவிட்டு அங்கேயே ஜெபித்துக்கொண்டு இருந்திருந்தால் அவர் நல்லவராக இருந்திருப்பார், அவ்வளவுதான். வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்ததைத்தான் நான் அவருடைய பெரிய பிரார்த்தனையாக நினைக்கிறேன்.

உங்கள் மலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993இல் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி ஓலைக் குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அங்கேயும் பெரும்பாலும் உன் சமூகத்து மக்கள்தான். அப்போது பிறக்கும் 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. அந்த எண்ணிக்கை பின்னால் வெகுவாகக் குறைந்ததற்கு இரண்டு டாக்டர்கள் மட்டும் போதுமா? அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களுக்கே அவர்கள் பயிற்சி கொடுத்தார்கள். ஊசி போடவும், பிரசவம் பார்க்கவும், வீடு வீடாகப் போய்க் குழந்தையை எடை பார்க்கவும் அந்தப் பெண்களே கற்றுக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எந்த வீட்டில் யார் பட்டினி, எந்தக் கிழவி சொன்னால் ஊர் கேட்கும் என்பதெல்லாம் தெரியாது. உனக்குத் தெரியும். சோறும் விவசாயமும் சரியாகாமல் நோய் தீராது என்று புரிந்து, பிறகு அந்த டாக்டர்கள் ஊர் மக்களோடு சேர்ந்து இயற்கை விவசாயத்திலும் இறங்கினார்கள்.

ஆகவே உலகம் என்று நீ சொல்வது கரடியூரிலும் இருக்கிறது, அம்மாவிடமும் இருக்கிறது. அம்மா சொல்வதைச் சுயநலம் என்று எடுத்துக்கொள்ளாதே. கூலி இல்லாத நாள் எப்படி இருக்கும் என்று பார்த்தவர் அவர். ஒரு தொழில் கற்று, சம்பளம் வாங்கி, அம்மாவை உட்காரவைத்துச் சோறு போட்டுக்கொண்டே சேவையும் செய்யலாம். நர்ஸ், ஆசிரியர், வேளாண்மை, எதுவானாலும் சரி. சம்பளம் வாங்கினால் சேவை கெட்டுவிடாது. சிட்டிலிங்கிக்குப் பேருந்தில் போய் ஒரு நாள் பார்த்துவிட்டு வர முடிந்தால் போய்ப் பார், முடிவெடுக்க உதவும்.

இப்போதைக்கு ஒரு வேலை சொல்கிறேன். கல்லூரியில் சேரும்போது கேட்கும் பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், விசாரணைக்கு நாளாகும். கையில் இல்லையென்றால் பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதே, இந்த வாரமே அம்மாவோடு போய் விண்ணப்பம் கொடு. கல்லூரியில் சேர்ந்ததும் அரசின் புதுமைப் பெண் உதவித்தொகைத் திட்டத்துக்கும் எழுதிப் போடு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதை மாதாமாதம் அம்மா கையில் கொடு. வீட்டைப் பார்க்கிறாய் என்று அவருக்கும் தெரியட்டும்.