ஒரு ஆள், நாலு தறி: தடுமாறாமல் ஓட்ட ஐந்து வழிகள்

திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை தப்பினால் காட்டில் வேலையில்லை. அப்போது அருப்புக்கோட்டை விசைத்தறிக் கூடத்தில் சேருகிறவர் முதலில் கற்க வேண்டியது, பல தறிகளை ஒரே நேரத்தில் கவனிப்பது.

1. கணக்குப் போடுங்கள். ஒரு தறிக்கு மணிக்கு 10 நிமிடம் உங்கள் கை தேவை என்று வையுங்கள். 4 தறிக்கு 40 நிமிடம்; மிச்ச 20 நிமிடத்தில் சுற்றிப் பார்க்கலாம். 6 தறி என்றால் மூச்சுவிடவும் நேரமிருக்காது. இரண்டு தறி சேர்ந்து நின்றால் ஒன்று காத்துக் கிடக்கும்.

2. எதற்கு முதலில் ஓடுவது? ஊடை (குறுக்கு நூல்) தீர்ந்தால் தறி தானே நின்றுவிடும். நஷ்டம் நேரம் மட்டுமே. பாவு (நெடுக்கு நூல்) இழை அறுந்தால் பல பழைய தறிகள் நிற்காமல் ஓடும். துணியில் கோடு விழுந்துகொண்டே போகும். ஆகவே தப்பாக ஓடுவதை முதலில் நிறுத்துங்கள். நின்றவற்றில் சீக்கிரம் முடிகிற வேலையை முதலில் முடியுங்கள்.

3. எல்லாம் ஒன்றாகத் தீர விடாதீர்கள். எல்லாத் தறியிலும் ஒரே நாளில் பாவு ஏற்றினால் ஒரே நாளில் தீரும். முன்பின்னாக ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு தறிக்கும் தார் (ஊடை நூல் சுற்றிய கட்டை) போட்ட மாற்று நாடா தயாராக இருக்கட்டும்.

4. நிற்கும் ஒவ்வொரு தடவையும் தறிச் சட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஷிப்ட் முடிவில் கோடு கூடுதலாக உள்ள தறியை ஃபிட்டரிடம் காட்டுங்கள். அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் கோளாறு தீராது.

5. தறியின் குணம் தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள். ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924-இல் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறி, இழை அறுந்ததும் தானே நின்றது; நாடாவையும் ஓட்டத்திலேயே மாற்றிக்கொண்டது. அதனால்தான் ஒருவரால் 30 தறிக்கும் மேல் பார்க்க முடிந்தது. அந்த வசதி இல்லாத தறியில், தவறைக் கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் கண்தான்.

முதலாளி “இன்னும் ரெண்டு தறி சேர்த்துப் பாருப்பா” என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். என்ன நூல், தார் சுற்ற ஆள் உண்டா, பழுதுக்குக் கூலியில் பிடித்தம் எவ்வளவு என்று கேளுங்கள். நெய்த மீட்டரோடு பழுதும் ஏறினால், சனிக்கிழமை கையில் வாங்குவது பழைய கூலியாகத்தான் இருக்கும்.