‘எவ்ரி அதர் டே’

‘எவ்ரி டே’ என்றால் நாள்தோறும் என்பதை நாம் அறிவோம். இடையே ‘அதர்’ நுழைந்து ‘எவ்ரி அதர் டே’ ஆகிவிட்டாலோ, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பொருள். பால்மரம் சீவும் அன்பர்களுக்கு இது புதிதன்று. இன்று சீவிய மரத்தை நாளை விட்டு மறுநாள் சீவுகிறோமே, அதுவேதான். சீவுமுறைக் குறிப்பில் ‘டி2’ என்பதும் இதனையே. மருந்துச் சீட்டில் இச்சிறு சொல்லைக் கவனியாது விட்டால், இரண்டு நாளைக்கு ஒரு மாத்திரை உண்ண வேண்டியவர் இரு மடங்கு உண்டுவிடுவார். ‘எவ்ரி எய்ட் அவர்ஸ்’ என்பதும் எட்டு மணிக்கு என்பதன்று; எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது நாளொன்றுக்கு 3 வேளை. ‘ஹாஃப் த டைம்’ என்பதோ அளந்த பாதி நேரமன்று. ‘பெரும்பாலும் இப்படித்தான்’ என்று சலித்துக்கொள்ளும் பேச்சு. நல்லவேளை, அது மருந்துச் சீட்டில் வருவதில்லை.